குச்சியக்கா வளர்த்த ஆரஞ்சு ஈஸ்ட்

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தால், ஜன்னலோரம் குச்சியக்காவைப் பார்க்கலாம். மூடிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, வைரம் வாங்க வந்தவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் பல்குத்தும் குச்சிகள், ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கியவை. எல்லோரும் கம்பி வளையத்தால் செய்யும் வேலையை அவர் குச்சியால் செய்வார். அதனால்தான் அந்தப் பெயர். சாப்பாட்டு நேரத்தில் யாருக்காவது பல்லில் ஏதாவது சிக்கிக்கொண்டால் நேராக அவரிடம் போய்க் கை நீட்டுவார்கள்.

"இது ஈஸ்ட்டைத் தொடுற குச்சி. உன் சொத்தைப் பல்லைத் தொட இல்ல. போய் வாய் கொப்பளி," என்று துரத்துவார்.

தட்டில் இருந்ததும் ஈஸ்ட்தான். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அதே குடும்பம். சாதாரணமாக அது தட்டில் வளர்ந்தால் பாலாடை நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். அக்காவின் தட்டில் இருந்த புள்ளிகளோ நல்ல ஆரஞ்சு. இறாலைச் சுட்டால் சிவக்கிறதே, அந்தச் சிவப்பைத் தரும் நிறமியை ஈஸ்ட்டின் உடம்புக்குள்ளேயே தயாராகும்படி செய்திருந்தார். வேறு நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்த ஜீன்களை அதற்குள் ஒட்டி, அந்த ஜீன்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்து, வருடக்கணக்கில் கட்டிய ரகம் அது. அந்த நிறமி நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். இரும்பில் துரு ஏறுவதுபோல உயிரணுக்களில் ஏறும் ஒருவகைத் துருவைத் தடுக்கும் பொருள். மீன் தீவனத்துக்கும் மாத்திரைக்கும் அதை வாங்கக் கம்பெனிகள் காத்திருக்கின்றன. "மாத்திரை விக்கிறவன் சொல்றதுல பாதியைத் தள்ளிடு, மிச்சத்துல பாதியை நம்பு," என்பது அக்காவின் கணக்கு. ஆனாலும் அந்த ஆரஞ்சின் மேல் அவருக்கு இருந்த பிரியம் கணக்கில் அடங்காதது.

அக்காவின் அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அக்கா. எங்கள் வீட்டில் நான். இதை நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும்போது அக்கா மாலை நேரங்களில் ஒரு தையல் நூல் கடையில் வேலை பார்த்தாராம். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியை நீட்டுவார். அதே நிற நூலை எடுத்துத் தர வேண்டும். சிவப்பு என்று கேட்டால் கடையில் ஒரு சுவர் முழுக்கச் சிவப்பு. அக்கா துணியை ஒருமுறை பார்ப்பார், ஏணியில் ஏறுவார், எடுத்துக்கொண்டு இறங்குவார். இரண்டாவது முறை ஏறியதே இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தக் கண்தான் பிறகு ஈஸ்ட்டுக்கு வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகளைக் காட்டி, "இது ஒரு மாத்து கம்மி," என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பெரிய டேங்க்கில் வளர்த்துப் பார்க்கும் நாள் வந்தபோது ஆய்வகமே எழுந்து நின்றது. அதுவரை எல்லாம் தட்டிலும் கையடக்கக் குடுவையிலும்தான். டேங்க் என்றால் இரண்டு ஆள் உயரம். அதற்குள் நிறம் நின்றால் ரகம் கம்பெனிக்குப் போகும், அக்காவின் பிள்ளை உலகத்தைப் பார்க்கும். நிற்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். டைரக்டர் இதைக் கூட்டம் போட்டே சொல்லிவிட்டார்.

முதல் முறை நிற்கவில்லை. ஈஸ்ட் என்னவோ அமோகமாக வளர்ந்தது. ஆனால் டேங்க்கின் கண்ணாடித் துவாரத்தில் தெரிந்தது ஆரஞ்சு இல்லை, நீர்த்துப்போன தேநீர் நிறம்.

டைரக்டர் டேங்க்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். "காத்து பத்தலையோ?"

டேங்க்கை ஓட்டுகிறவரை நாங்கள் டேங்க் அண்ணன் என்போம். அவருக்கு முகம் சிவந்தது. "சார், இதே டேங்க்ல ரொட்டி ஈஸ்ட்டைப் போட்டா பொங்கி வழியுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அண்ணே, ஆடுறது நானில்ல. உள்ள இருக்குதுங்க. அதுங்ககிட்டக் கேளுங்க," என்றார் அக்கா. சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் அன்று சாப்பிடவில்லை.

இன்னொரு முறை டேங்க் ஓட்டச் செலவு தருவதாக, திட்டத்துக்குப் பணம் போட்டிருந்த கம்பெனி ஒப்புக்கொண்டது. அதுதான் கடைசி. தேதியும் குறித்தாகிவிட்டது.

இடையில் அக்கா ஒரு சின்னச் சோதனை செய்தார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ரகத்தை உயிரோடு வைத்திருக்க வாரம் ஒருமுறை பழைய தட்டிலிருந்து ஒரு புள்ளியைத் தொட்டுப் புதுத் தட்டில் கோடு இழுப்போம். எந்தப் புள்ளியைத் தொடுவது? நல்லதைத்தான். தக்காளி வாங்கப் போனால் அழுகலையா பொறுக்குவோம்? அக்கா எப்போதும் இருப்பதிலேயே சிவந்த புள்ளியைத் தொடுவார். இந்தமுறை அப்படிச் செய்யவில்லை. திரவத்தில் வளர்த்தார். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அதில் கொஞ்சத்தைப் புதுத் திரவத்தில் ஊற்றினார். எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. டேங்க்கில் யாரும் தேர்ந்தெடுப்பதில்லையே. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதைத் தட்டுகளில் பரப்பினார்.

அந்தத் தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

பாதிக்குமேல் வெள்ளை. ஆரஞ்சுகள் சின்னச் சின்னதாக, ஒண்டுக் குடித்தனக்காரர்கள் மாதிரி ஓரத்தில் ஒடுங்கி இருந்தன. வெள்ளைகள் கொழுகொழுவென்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

"வேற ஏதாவது கிருமி கலந்துடுச்சாக்கா?" என்றேன்.

"எல்லாம் நம்ம பிள்ளைங்கதான். ஜீனைத் தூக்கிப் போட்டுட்டு வெள்ளையாயிடுச்சுங்க."

நிறம் அடர்த்தியாக வரவேண்டும் என்று ஒரே ஜீனை அக்கா பக்கத்துப் பக்கத்தில் பலமுறை ஒட்டியிருந்தார். ஒரே மாதிரியானவை அடுத்தடுத்து இருந்தால் ஈஸ்ட் அவற்றை மடித்து, நடுவில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிடும். எப்போதாவது ஒன்று இரண்டு அப்படிச் செய்யும். அப்படிச் செய்த ஈஸ்ட்டுக்கு நிறமி தயாரிக்கும் சுமை குறையும். மூட்டையோடு ஓடுகிறவனும் வெறுங்கையோடு ஓடுகிறவனும் ஒரே பந்தயத்தில் ஓடினால் யார் முந்துவான்? குடுவையில் ஓட்டம் சின்னது, வித்தியாசம் தெரியாது. டேங்க்கை நிரப்ப எத்தனையோ தலைமுறை பெருக வேண்டும். அதற்குள் வெறுங்கைக்காரர்கள் ஊரைப் பிடித்துவிடுவார்கள்.

இது எனக்குப் பாடமாகத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தெரிந்த ஒன்று ஏன் இத்தனை வருடம் கண்ணில் படவில்லை என்பதுதான் அன்று அவரை உட்கார வைத்தது.

"ஒவ்வொரு வாரமும் நல்லாச் சிவந்ததாப் பார்த்து எடுத்திருக்கேன்டா. வெளுத்தது அங்கங்க இருந்திருக்கும், நான் திரும்பிக்கூடப் பார்க்கல. அடுத்த தட்டும் ஆரஞ்சாத்தான் வரும், நான் எடுத்தது அப்படி. வருஷா வருஷம் 'நிறம் மாறவில்லை, நிலையான ரகம்'னு எழுதிக் கொடுத்தேன்." ஒரு தட்டை எடுத்து மூடியைத் துடைத்தார், அதில் தூசி எதுவும் இல்லை. "ரகம் நிலையா இல்ல தம்பி. நான்தான் நிலையா இருந்திருக்கேன்."

எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம் என்றேன். "ஆமா. எல்லாரும் அப்படித்தான் செய்யறோம்," என்றார், எதிரொலி மாதிரி.

வழி இல்லாமல் இல்லை. ஜீன்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல், ஈஸ்ட்டின் உடம்பில் வேறு வேறு இடங்களில் பிரித்து வைத்துவிட்டால் கழற்றுவது கஷ்டம். அப்படி ஒரு புது ரகம் கட்ட ஒரு வருடம் போல ஆகும். அக்கா அன்றே டைரக்டர் அறைக்குப் போனார். நானும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

டைரக்டர் கெட்டவர் இல்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். "புரியுதும்மா. நான் கம்பெனிக்காரங்ககிட்டப் பேசுறேன்," என்றார். பேசவும் செய்தார். மறுநாள் அவரே எங்கள் மேசைக்கு வந்தார்.

"தேதி மாத்த மாட்டாங்களாம். மாத்தினா வேற இடத்தைப் பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

"அப்ப தெரிஞ்சே தோக்கணுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதாவது வழி இருக்கான்னு பாரும்மா. நீ பார்த்தா இருக்கும்."

நம்பிக்கையோடு சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்ட அக்காவின் முகத்தைப் பார்த்தபோது, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

அக்கா வீடு என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. விடுமுறை நாட்களில் அங்கே போய்விடுவேன். அன்று போனபோது அக்காவின் மாமியார் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஈஸ்ட் விஷயத்தில் அவருக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. "மாவைப் பொங்க வைக்கிறதுக்கு நான் ஒரு ஸ்பூன் போடுறேன். இவ அதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கா," என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். சொல்லும்போது குரலில் கேலி இருக்கும், முகத்தில் பெருமை இருக்கும்.

"என்னம்மா, உன் ஈஸ்ட்டு இன்னும் வெளுத்துக்கிட்டுத்தான் இருக்கா?"

"ஆமாத்தை."

"ஒரு சொட்டுக் கலரை ஊத்திட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"அம்மா, உன்னை அங்க வேலைக்குச் சேர்த்தா நாட்டுக்கே ஆபத்து," என்றார் அக்காவின் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் கறை போகாது. அக்கா சோதனையைப் பற்றி விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க லிஃப்ட்ல ஆள் அதிகமானா மணி அடிச்சுட்டு நின்னுடும். உன்னுது சத்தமே போடாம ஆளை இறக்கி விட்டுட்டு மேல போயிடுது."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். கணவரும் சிரித்தார். பிறகு, "முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே," என்றார்.

"சொல்லிட்டேங்க."

"என்ன சொன்னாங்க?"

"நீ பார்த்தா இருக்கும்னு சொன்னாங்க."

மாமியார் மாவின் மேல் ஈரத் துணியைப் போட்டு மூடினார்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். வழி என்று சொல்வதைவிட, தலைக்குமேல் போகும் வெள்ளத்தில் ஒரு சாண் குறைக்கும் முயற்சி என்று சொல்லலாம். டேங்க்கில் கொஞ்சமாக விதைத்தால் ஈஸ்ட் நிறையத் தலைமுறை பெருக வேண்டியிருக்கும். நிறைய விதைத்தால் கொஞ்சம் பெருகினால் போதும், வெள்ளைகளுக்கு ஓட இடம் குறையும். ஆனால் விதை முழுக்க நல்ல ஆரஞ்சாக இருக்க வேண்டும். அவ்வளவு விதையையும் எங்கிருந்து எடுப்பது? தட்டிலிருந்துதான். கையால்தான்.

ஒரு வாரம் பொறுக்கினோம். மேசை, அலமாரி, ஜன்னல் திட்டு எல்லா இடத்திலும் தட்டு. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பக்கத்துக் குழுவில் சும்மா இருந்தவர்கள் எல்லோரும். குச்சியால் ஒரு புள்ளியைத் தொடு, குடுவையில் முக்கு, குச்சியைக் குப்பையில் போடு, அடுத்தது. விரல் நுனி மரத்துப்போனது. டேங்க் அண்ணன்கூட ஒருநாள் வந்து உட்கார்ந்தார். "இதுக்குப் பேசாம எறும்பு பிடிக்கலாம்," என்று முணுமுணுத்துக்கொண்டே பொறுக்கினார். ஒரு மதியம் டைரக்டரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அக்கா அவர் கையிலிருந்த தட்டை எட்டிப் பார்த்தார்.

"சார், இது வேண்டாம்."

"ஏன், ஆரஞ்சுதானே?"

"வெளுக்க ஆரம்பிச்சிருச்சு சார். ஓரத்தைப் பாருங்க."

அவர் ஓரத்தைப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. இருந்தாலும் தலையாட்டிவிட்டுக் குச்சியைப் போட்டார். அன்று மாலை வரை உட்கார்ந்திருந்தார். அவர் பொறுக்கிப் போட்ட குடுவையை அக்கா சத்தமில்லாமல் ஒதுக்கிவைத்தார்.

விதைத்த மறுநாள் காலை டேங்க்கின் கண்ணாடித் துவாரம் ஆரஞ்சாக இருந்தது. டேங்க் அண்ணன் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வந்து பாருங்க, வந்து பாருங்க. செங்கல்லு மாதிரி இருக்கு." அவர் குழாயைத் திறந்து ஒரு சோதனைக் குப்பியில் பிடித்தார். அக்கா அதை ஜன்னலில் வைத்தார். நான் டைரக்டரைக் கூப்பிட ஓடினேன். அவர் அக்காவின் தோளில் தட்டிக்கொடுத்தார். அக்கா ஜன்னலில் இருந்த குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் குப்பியை முதல் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தோம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, டேங்க் அண்ணனுக்கும் தெரியவில்லை. "நிக்குதுக்கா," என்றேன்.

"ரெண்டு மாத்து போயிடுச்சு," என்றார் அக்கா.

அதற்கடுத்த நாள் எல்லோருக்கும் தெரிந்தது. நாலாவது நாள் குப்பிகள் வரிசையில் நின்றன, ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதைவிடக் கொஞ்சம் வெளிறி. முதலாவது செங்கல், கடைசியில் தேநீர். அக்கா டேங்க்கின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். செய்ய எதுவுமில்லை. சர்க்கரை தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது, காற்று தானாகப் போய்க்கொண்டிருந்தது, திரையில் கோடுகளெல்லாம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன. உள்ளே வெள்ளைகள் தின்று பெருகிக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய டேங்க்கில் போய் எந்தக் குச்சியால் எதைப் பொறுக்குவது?

"சர்க்கரையைக் குறைச்சா?" என்று கேட்டேன்.

"குறைச்சா அதுவும் பட்டினி, இதுவும் பட்டினி. பட்டினியிலயும் வெள்ளைதான் முந்தும்."

"சூட்டைக் குறைச்சா?"

"கொஞ்ச நேரம் தள்ளிப் போகும். போயிட்டு வரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய் டீ குடிச்சுட்டு வாடா. நீயும் ஏன் இங்க உக்காந்திருக்க," என்றார். நான் போகவில்லை.

டைரக்டர் வந்தார். குப்பிகளைப் பார்த்தார். "இன்னும் ஒருநாள் விட்டுப் பார்க்கலாமா?" நம்பிக்கை இப்போது அவரிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

"ஒருநாள் விட்டா இன்னும் வெள்ளையா இருக்கும் சார்."

அவர் குப்பிகளை இன்னொருமுறை பார்த்தார். பிறகு டேங்க் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். ஜீன் மாற்றிய உயிரை அப்படியே சாக்கடையில் விடக்கூடாது. டேங்க்குக்குள்ளேயே நீராவி விட்டுக் கொன்ற பிறகுதான் வடிக்க வேண்டும். டேங்க் அண்ணன் வால்வில் கையை வைத்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"திறங்கண்ணே," என்றார் அக்கா.

திட்டத்தை மூடிவிட்டார்கள். அக்காவுக்கு வேலை போகவில்லை. கீழ்த்தளத்தில், ரொட்டி ஈஸ்ட் தரம் பார்க்கும் பிரிவில் இடம் கொடுத்தார்கள். அங்கே எல்லாத் தட்டும் பாலாடை நிறம்தான். போவதற்கு முன்னால் அக்கா டைரக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். உறைபெட்டியில் இருக்கும் ஆரஞ்சுக் குப்பிகளில் ஒன்றையாவது வைத்துக்கொள்ள வேண்டும். எப்போதாவது நேரம் கிடைத்தால் ஜீனைப் பிரித்து வைத்துப் பார்க்கலாம்.

"எனக்கும் ஆசைதாம்மா," என்றார் டைரக்டர். "திட்டம் நின்னா ரகத்தை அழிச்சிடணும்னு கம்பெனியோட ஒப்பந்தம். வேற யார் கைக்கும் போயிடக் கூடாதாம். என் கையில இல்ல."

"நான் கட்டின ரகம் சார்."

"தெரியும்மா."

அவர் உறைபெட்டியின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

குப்பிகளை அக்காவே எடுத்தார். உறைபெட்டியின் பனிப்புகைக்குள் கையை விட்டு, பெட்டி பெட்டியாக எடுத்துப் பையில் கொட்டினார். பையைக் கட்டி, குச்சிகளை வேகவைக்கும் ஆவிப்பானையில் வைத்தோம். மூடியைத் திருகி இறுக்கியது நான். அது வேகும்வரை இருவரும் எதிரே நின்றோம், மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி. என்னென்னவோ சொல்ல நினைத்தேன். வேறு யாராவது திரும்பவும் கட்டுவார்கள், உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது செய்வார்கள் என்றெல்லாம். எதுவும் ஆறுதலாக இருக்காது என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

வெளியே எடுத்தபோது பைக்குள் பிளாஸ்டிக் குப்பிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஈஸ்ட் எல்லாம் செத்துப்போயிருந்தது. நிறம் மட்டும் அப்படியே இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது.

"பாரு," என்றார் அக்கா. "உயிரோட இருந்தப்ப நாலு நாள் நிக்கல."

பின்வாசலில் கழிவு வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் பையை வாங்கி, அதன் எடையைக் கையிலேயே பார்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு உயர்த்தினார்.

"என்னம்மா இது, சாயமா?"

"ஆமாங்க," என்றார் அக்கா. "சாயம்தான்."

அவர் அதை வண்டிக்குள் எறிந்துவிட்டு அடுத்த பைக்குக் கையை நீட்டினார். வேறு பை இல்லை என்று நான் சொன்னேன்.